கழுகுக் கூடு பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

கோடை வந்தால் மியூனிக் பக்கம் வரும் நம்மாட்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி: "அந்த ஹிட்லர் பங்களா எங்க இருக்கு? ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடலாமா?" பார்த்துவிடலாம். ஆனால் கீழே இருக்கும், நாஜி காலத்து வரலாற்றைச் சொல்லும் ஆவண மையத்துக்குள் நுழையாமல் நேரே மலை ஏறுவதாக இருந்தால், போகாமலே இருக்கலாம் என்பது என் கட்சி.

ஆஸ்திரிய எல்லையை ஒட்டி 1,834 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கேல்ஷ்டைன்ஹவுஸ். கழுகுக் கூடு என்றால்தான் சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியும். சொந்தக் காரில் போக முடியாது. கீழே இருக்கும் ஓபர்சால்ஸ்பெர்க் என்ற ஊரிலிருந்து அதற்கென்று ஓடும் பஸ்தான். இறங்கியதும் மலையைக் குடைந்த 124 மீட்டர் சுரங்கப்பாதை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர் தேவைப்படும். முடிவில் ஒரு லிஃப்ட், சுவரெல்லாம் பளபளக்கும் பித்தளை. ஏறியவர்கள் முதலில் செய்வது அதில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்வதுதான்.

இத்தனையும் தலைவர் ஹிட்லரைக் குளிர்விக்க நாஜிக் கட்சிப் பெரும்புள்ளி மார்ட்டின் போர்மன் செய்த ஏற்பாடு. 1938-ல் கட்டி முடித்து, மறு வருடம் வந்த ஐம்பதாவது பிறந்தநாளுக்கான பரிசு என்றார்கள். நம்மூர்க் கட்-அவுட் கலாச்சாரத்தின் கருங்கல் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவருக்கோ உயரம் ஒத்துக்கொள்ளவில்லை; பத்துப் பதினைந்து தடவைக்கு மேல் வந்ததாகத் தெரியவில்லை.

அவர் உண்மையில் குடியிருந்தது கீழே, பெர்க்ஹோஃப் வீட்டில். அது வருவதற்கு முன் ஓபர்சால்ஸ்பெர்க் விவசாயிகளும் விடுதிக்காரர்களும் வாழ்ந்த மலைக்கிராமம். நிலத்தைத் தர மறுத்தவர்களை தாகாவ் வதைமுகாமைச் சொல்லி மிரட்டி ஊரையே காலி செய்தார்கள். 1938 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் தலைவர் ஷுஷ்னிக்கை வரவழைத்துப் பணியவைத்தது அங்கேதான். 1945 ஏப்ரல் 25-ல் பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டுகளில் பெர்க்ஹோஃப் சிதைந்தது, மிச்சத்தை 1952-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உச்சியில் இருந்த கட்டடத்துக்குக் கீறல்கூட விழவில்லை.

இப்போது அது ஓர் உணவகம். முசோலினி கொடுத்த சிவப்புப் பளிங்குக் கணப்படுப்பு உள்ளே இருக்கிறது. ஓரங்கள் மூளியாக இருக்கும், 1945-ல் வந்த நேச நாட்டுச் சிப்பாய்கள் நினைவுக்கென்று உடைத்துக்கொண்டு போனது. அதன் பக்கத்தில் பீரும் சாசேஜும் சாப்பிடுகிறார்கள். சாப்பிடட்டும், எனக்கு அதில் புகாரில்லை.

புகார் வேறு. மலை, நாய், கன்னத்தைத் தட்டிக்கொடுக்கச் சில குழந்தைகள் என்று இந்த ஊரை வைத்துத்தான் ஹாஃப்மன் என்ற புகைப்படக்காரர் ஹிட்லரை 'நல்ல மனுஷன்' ஆக்கிப் படம்படமாக விற்றார். இங்கே உட்கார்ந்து எடுத்த முடிவுகளால் யார் யார் செத்தார்கள் என்பது அந்தப் படங்களில் கிடையாது. நாம் எடுக்கும் செல்ஃபியிலும் கிடையாது.

நம்மாட்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். சென்னை பிளாட்பாரக் கடையில் தன்னம்பிக்கைப் புத்தகங்களோடு ஹிட்லர் எழுதிய 'மெயின் காம்ப்' கிடக்கும். "ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வந்தாத்தான் நாடு உருப்படும்" என்பதைப் படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன், கழுகுக் கூட்டின் மொட்டைமாடி வெயிலில் நின்றுகொண்டு சொன்னவர் உட்பட. அறுபது லட்சம் யூதர்கள் என்றால் தலையாட்டுவார், ஆனால் எண்ணாக மட்டுமே. ஆஸ்திரியாவில் ஹார்ட்ஹைம் என்ற கோட்டையில் மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் விஷவாயு வைத்துக் கொன்றார்கள் என்றால் "அப்படியா?" என்பார். உருப்படுவதற்கு யாரை முதலில் கழித்துக்கட்டினார்கள் என்பதைப் பார்க்காமல் அந்தப் பேச்சு போகாது.

ஆவண மையம் 1999-ல் திறந்தது. 2023-ல் கண்காட்சியைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள். காலையில் முதலில் அங்கே போங்கள், இரண்டு மணி நேரமாவது வேண்டும். பதுங்குகுழிகளையும் பாருங்கள். அப்புறம் மலை ஏறுங்கள். கழுகுக் கூடு மே நடுவிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். "நேரமில்லப்பா, வியூ மட்டும் போதும்" என்பவர்களுக்குப் பக்கத்திலேயே கோனிக்ஸே ஏரி இருக்கிறது. சுற்றிலும் மலை, படகுச் சவாரி, ரீல்ஸுக்கு அதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் கிடையாது.