மூக்கைக் கட்டினால் போதுமா?

"மருந்தடிக்கிறவன் மூக்கைக் கட்டிக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. குமரி மாவட்டத்து நெல் பருவங்களான கன்னிப்பூவோ கும்பப்பூவோ, வயலில் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி கண்ணில் பட்டதும் மருந்தடிக்க ஆளைக் கூப்பிட்டுவிடுகிறோம். எந்த மருந்து, எவ்வளவு கலக்க வேண்டும் என்று முடிவு செய்வது வயல்காரரும் கடைக்காரரும். உடம்பில் வாங்குவது கூலிக்கு வந்தவர்.

மூக்கில் கட்டுகிற துண்டு, அந்தத் துவர்த்தைப் பற்றி முதலில் பேசுவோம். முதுகில் சுமக்கிற மருந்து டேங்க் பாதி முடிவதற்குள் அது வியர்வையிலும் மருந்திலும் ஊறி, மருந்தை முகத்தோடு ஒட்டிவைக்கத்தான் உதவுகிறது. தெளிப்பவர் உடம்புக்குள் மருந்து அதிகம் போவது மூக்கு வழியாக அல்ல, தோல் வழியாக. மூடியில் வாஷர் தேய்ந்திருந்தால் முதுகு நனையும், அப்புறம் இடுப்பில் கட்டிய சாரம் (கைலி) நனையும். அந்த ஈரத்தோடேயே மத்தியானம் வரை நடப்பார். மருந்து பீய்ச்சுகிற முனையான நாசில் அடைத்தால் கழற்றி வாயால் ஊதுவார். ஒரு பழைய பல் பிரஷ் போதும், அதையாவது டேங்கில் கட்டிவைக்கலாமே. தெளிப்பதைவிட ஆபத்து, தண்ணீர் சேர்க்காத மருந்தை வெறுங்கையால் அளந்து ஊற்றுவது.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் முழு உடுப்பை மாட்டிக்கொண்டு யாரும் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. அதனால் உடையை மட்டும் பேசிப் பயனில்லை.

மருந்தையே குறைக்க வேண்டும். யூரியாவை அள்ளிக் கொட்டாமல், நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் (நாற்று நடாத இடைவெளி) விட்டு, பூச்சி தெரிந்ததும் தண்ணீரை வடித்தால் புகையான் பெரும்பாலும் அடங்கும். அப்படியும் அடித்தே ஆக வேண்டுமா, சரி, டப்பாவில் இருக்கிற முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. சிவப்பை வாங்காதீர்கள். கையுறை, சோப்பு, ஒரு குடம் நல்ல தண்ணீர், மாற்றுச் சாரம் எல்லாம் வயல்காரர் செலவு. டேங்குக்கு இவ்வளவு என்று பேசினால் ஆள் ஓட்டமாகத்தான் அடிப்பார், நாள்கூலி கொடுங்கள்.

இன்னொன்று, நம்ம மாவட்டத்துத் தோவாளைப் பக்கம் விடியுமுன்னே பிச்சிப்பூ பறிக்கப் போகிற பெண்கள். முந்தின நாள் சாயங்காலம் மருந்தடித்த செடி என்று அவர்களிடம் யார் சொல்கிறார்கள்? வரப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டிவைத்தாலே தெரிந்துவிடும். அங்கே யாராவது அப்படிச் செய்கிறீர்களா?