‘இனியும் பொறுக்க நேரமில்லை’ என்கிற வாதம்

போருக்குப் போகலாமா வேண்டாமா என்ற விவாதம் எந்த நாட்டில் எழுந்தாலும், ‘இனியும் பொறுக்க நேரமில்லை’ என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. நாட்டின் மானம், எதிரியின் கொடுமை, நம் படையின் பலம் என்று எத்தனை வாதங்கள் வந்தாலும் நான் முதலில் உரசிப் பார்ப்பது இதைத்தான். இதை ஒப்புக்கொண்டுவிட்டால், அப்புறம் கேள்வி கேட்பவர்களுக்கெல்லாம் துரோகி என்ற பெயர்தான் கிடைக்கும்.

2003 ஈராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பேரழிவு ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், மார்ச் 7 அன்று பாதுகாப்பு சபையில் பேசினார். மீதி வேலைக்கு வாரங்கள் போதாது, ஆண்டுகளும் தேவையில்லை, சில மாதங்கள் வேண்டும் என்றார். இரண்டு வாரம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. மார்ச் 20 அன்று அமெரிக்கா தலைமையில் போர் தொடங்கிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு பிரிட்டன் மக்களவை 412க்கு 149 என்ற கணக்கில் போருக்குச் சம்மதித்தது. ராபின் குக் அமைச்சர் பதவியைத் துறந்து அதே அவையில் எதிர்த்துப் பேசியும் பயனில்லை. ஈராக் மறைத்து வைத்திருப்பதாகச் சொன்ன ஆயுதக் குவியல் கடைசிவரை அகப்படவே இல்லை. அமைதி வழிகள் தீர்ந்துபோகும் முன்பே பிரிட்டன் போரில் இறங்கியது என்று, பிரிட்டன் அரசே அமைத்த சில்காட் விசாரணையின் அறிக்கை சொன்னது 2016ல்! செத்தவர்களுக்கு அந்த அறிக்கையால் என்ன லாபம்?

1964 ஆகஸ்டிலும் இதே அவசரம். வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாம் இரண்டாவது முறையும் தாக்கியது என்றார்கள். அப்படியொரு தாக்குதலே நடக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள், மூன்றே நாளில், அங்கே படையைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர்கள் இரண்டே பேர்.

சரி, போர் வேண்டாம் என்கிற நாமும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் படுகொலை தொடங்கிய பிறகு, பாதுகாப்பு சபை அங்கிருந்த அமைதிப் படையைப் பெருக்கவில்லை. வெறும் 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பொறுமை என்ற பெயரில் அங்கே நடந்தது கைகழுவல். அங்கே நேரம் உண்மையிலேயே இல்லை.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ருவாண்டாவில் கொலைகள் நடந்துகொண்டிருந்தன, உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. ஈராக்கில் சொல்லப்பட்ட ஆபத்து, இனி வரக்கூடும் என்ற ஊகம். ஊகத்தைச் சரிபார்க்க ஆட்கள் இருந்தார்கள், வேலையும் நடந்துகொண்டிருந்தது. சரிபார்க்க முடிகிற ஒன்றைச் சரிபார்க்க விடாமல் அவசரப்படுத்தினால் நான் சந்தேகப்படுவேன்.

இந்த அளவுகோலும் முழுதாகக் கைகொடுக்காது. லிபியாவில் 2011ல் பெங்காசி நகர மக்களைக் காக்கத்தான் போகிறோம் என்று மேற்கு நாடுகள் சொன்னன. லிபிய ஆட்சியாளர் கடாபியின் படைகள் அந்த நகரத்தை நெருங்கியதும் உண்மைதான். ஆனால் அவர் வீழ்ந்த பிறகு நாடு ஆயுதக் குழுக்களின் கையில் சிதறி, 2014ல் மீண்டும் உள்நாட்டுப் போருக்குள் விழுந்தது.

அதனால், ஆட்சி விழுந்த மறுநாள் அந்த ஊர்களில் யார் காவல் நிற்பார்கள், நிர்வாகத்தை யார் நடத்துவார்கள், நம் படை எப்போது திரும்பும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே அரசு எழுத்தில் தரட்டும். கண்முன்னே கொலை நடக்கும்போதும் இதைக் கேட்பேன். ஆனால் பதில் வரும்வரை படையை நிறுத்தி வைக்கச் சொல்ல மாட்டேன். ஊகத்துக்காகப் போகிற போர் என்றால், அந்தப் பதில் வராமல் ஒரு வீரர்கூட எல்லை தாண்டக் கூடாது.