வாக்குச்சீட்டில் வராத நீதிபதிகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். 58 கவுண்டிகளிலும் இருக்கும் சுப்பீரியர் நீதிமன்றங்களுக்குக் (வழக்குகளை முதலில் விசாரிப்பவை) கட்சிச் சின்னமில்லாத தேர்தல், 6 ஆண்டுப் பதவிக்காலம் என்பது சட்டம். நடைமுறையில் பெரும்பாலோர் முதலில் ஆளுநர் நியமனம் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். இடையில் காலியாகும் இடத்தை அவரே நிரப்புவார். 10 ஆண்டு வழக்கறிஞர் பதிவு (அல்லது நீதிபதி அனுபவம்) கட்டாயம். நியமிக்க நினைப்பவரின் பெயரை ஆளுநர் மாநில பார் அமைப்பின் (வழக்கறிஞர்கள் அமைப்பு) மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும்; ஆனால் 'தகுதியற்றவர்' என்று குழு சொன்னாலும் ஆளுநர் நியமிக்கலாம்.

அதன் பிறகுதான் வேடிக்கை. பதவியில் இருப்பவரை எதிர்த்து யாரும் மனு போடாவிட்டால், அவர் பெயர் பொதுவாக வாக்குச்சீட்டிலேயே வராது. போட்டி வந்தால் முதல்கட்டத் தேர்தலில் பாதிக்கு மேல் வாங்கியவர் ஜெயிப்பார். இல்லையேல் முதல் இருவருக்கு நவம்பரில் மறுபோட்டி.

சிக்கல் எங்கே? பெயருக்குக் கீழே அச்சாகும் தொழில் குறிப்பைத் தவிர வாக்காளருக்குப் பெரும்பாலும் வேறொன்றும் தெரியாது. 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அனுபவமுள்ள நீதிபதி ட்சிந்த்ரா யானவ்ஸ், பேகல் (வளைய வடிவ ரொட்டி) கடை நடத்திய வழக்கறிஞரிடம் தோற்றார். கவுண்டி பார் சங்கம் முன்னவருக்கு உச்ச மதிப்பீடும் பின்னவருக்குத் 'தகுதியற்றவர்' என்பதும் கொடுத்திருந்தது. உடனே ஆளுநர் ஷ்வார்ஸ்நேகர் யானவ்ஸை வேறொரு காலியிடத்தில் நியமித்துவிட்டார்! தேர்தல் தீர்ப்புக்கு இதுதான் மரியாதை என்றால், எதற்கு இந்தத் தேர்தல் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.