"ரெண்டு நாள் ராஜா மாதிரி இருங்க"ன்னு சொல்றவங்களுக்கு

சனிக்கிழமை விடியற்காலை வீட்டுக்காரம்மா மோல்மீன் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு பஸ் ஏறினால் போதும், "அப்புறம் என்னண்ணே, கால் நீட்டிப் படுங்க" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள். ஊர் ரங்கூன், லிஃப்ட் இல்லாத கட்டடம், அஞ்சாவது மாடி. இங்கே எவன் கால் நீட்டிப் படுப்பது? கரண்டுக்குக் காவல் இருக்கவே பொழுது சரியாகப் போகிறது!

ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021-க்குப் பிறகு கரண்ட் என்ன கதியானது என்று நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரியாக்களை குரூப் பிரித்து, யாருக்கு எப்போது கரண்ட் என்று மின்சாரக்காரர்கள் அட்டவணை போடுவார்கள். அதைப் பாதியில் பிடுங்குவதும், ராத்திரி ஒரு மணிக்குக் கொண்டுவந்து கொட்டுவதும் அவர்கள் இஷ்டம். கரண்ட் வந்தால்தான் மோட்டார், மோட்டார் ஓடினால்தான் மேலே தண்ணீர். அந்த ஒரு மணிக்கு எழுந்து சுவிட்ச் போடுவது யார் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறீர்களா? குறட்டை விட்டுக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்.

எழுந்து போட்டாலும் ஓடுமா? கட்டடத்தில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ரைஸ் குக்கரும் அதே நிமிஷத்தில் இழுக்கும். 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 180-க்கு இறங்கும். மோட்டாரைச் சுற்றவைக்கிற முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், 180-ல் அறுபது சதவீத பலம்தான் மிச்சம். அரை எச்.பி. மோட்டார் உறுமும், சுற்றாது. அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போனால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகும். உறுமல் கேட்டதும் அணைக்கணும். வோல்டேஜ் ஏறினபிறகு மறுபடி போடணும். வோல்டேஜ் சரியாக இருந்தும் உறுமினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சின்ன சாமான்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எந்தக் கடைக்காரன் திறந்து வைத்திருக்கிறான்?

மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் ஏறவில்லையா? கீழ்த்தொட்டி ஃபுட் வால்வில் (உறிஞ்சுகிற குழாயின் அடியில், தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத அடைப்பான்) மணல் மாட்டி, குழாயில் நின்ற தண்ணீர் இறங்கியிருக்கும். சுவிட்சை அணைத்து, மோட்டார் தலையில் இருக்கிற மூடியைக் கழற்றி, நிரம்பி வழியும்வரை தண்ணீர் ஊற்றி, குமிழி நின்றபிறகு மூடணும். ஊற்றாமல் வெறுமனே ஓடவிட்டால் உள்ளே சீல் சூடேறி ஒழுக ஆரம்பிக்கும். அதற்கு ஒரு வாளித் தண்ணீர் எடுத்துவைக்கணும், அதை அஞ்சு மாடி இறக்கணும். ராஜா அதைக் காலையிலேயே தலையில் ஊற்றிக் குளித்து முடித்திருப்பார்.

பேட்டரி இருக்கே என்று ஒரு தைரியம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சக்கூடாது. அதாவது சுமார் 600 வாட்-மணி. 60 வாட் ஃபேன், 20 வாட் விளக்கு என்றால் ஏழு மணி நேரம் வரும். ஆனால் "யாரும் கேட்க ஆளில்லை" என்று டிவியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு மேட்ச் பார்த்தால்? எடுத்த 50 ஆம்பியர்-மணியைத் திரும்ப ஏற்ற 10 ஆம்பியர் சார்ஜருக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். வருகிற கரண்டோ நாலு மணி நேரம் இருந்தாலே அதிகம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாக்கி விழுந்து, ஞாயிறு ராத்திரி ஃபேன் தானாக நிற்கும். அரைச்சார்ஜிலேயே கிடக்கிற பேட்டரியின் தகட்டில் சல்ஃபேட் படிந்து ஆயுசும் குறையும்.

ஃபிரிட்ஜ்? திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். மணிக்கொரு தரம் திறந்து வேடிக்கை பார்த்தால் தாங்காது. தேங்காய்ப்பால் ஊற்றின கௌசுவே (பர்மா நூடுல்ஸ்) குழம்புதான் முதலில் புளிக்கும்.

இத்தனைக்கும் நடுவில், கரண்ட் வந்த அதே நேரத்துக்கு ஒரு சிநேகிதர் கீழே நின்று, மாடியிலிருந்து தொங்கவிட்ட கயிற்று மணியை இழுப்பார், "தனியாத்தானே இருக்கீங்க, பேச்சுத் துணைக்கு வந்தேன்" என்று. வாளியைத் தூக்கத் துணைக்கு வாங்கய்யா!

போகிறவங்களுக்கும் ஒன்று. பை கட்டுமுன் மெயின் பாக்ஸ் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: மோட்டார் சுவிட்ச் எது, 500 லிட்டர் டேங்க் நிறைய எத்தனை நிமிஷம், எதிர்வீட்டுக்காரர் மோட்டார் போடுகிற முறை எப்போது. அதைச் செய்யாமல் மோல்மீனில் இறங்கினதும் போன் போட்டு "தண்ணி ஏத்தினீங்களா?" என்று கேட்டால், பதில் சொல்கிற நிலையில் இங்கே யாரும் இல்லை.