டார்ட் டின்னும் பாதி சுவெட்டரும்

கிறிஸ்துமஸுக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது, இன்று காலை அண்ணி போன் போட்டு, “இன்னும் நாலு டின் அன்னாசி டார்ட் சேர்த்துச் செய்துவிடு, நீ வீட்டில்தானே இருக்கிறாய்” என்கிறார். வீட்டில்தானே! வெண்ணெய் மாவில் அன்னாசி ஜாம் வைத்துச் சுடுகிற சின்னப் பலகாரம்தான் இந்த டார்ட்; அதற்கு அன்னாசியைத் துருவி, பட்டை கிராம்பு போட்டு, அடிப்பிடிக்காமல் இரண்டு மணி நேரமாவது கிளற வேண்டும், அப்புறம் ஒவ்வொன்றாக உருட்ட வேண்டும். இங்கே மலேசியாவில், பினாங்கில் பகலில் 31, 32 டிகிரி. கை பட்டதுமே மாவில் இருக்கும் வெண்ணெய் இளகிவிடுகிறது, அதனால் விடியற்காலை 5 மணிக்கே எழுந்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் செய்கிறேன். மழை நாளில் அச்சு முறுக்கை ஆறியவுடன் டின்னில் அடைக்காவிட்டால் நமத்துப்போகும்.

இதற்கிடையில் கேமரன் மலையில் இருக்கும் தங்கை மகனுக்குப் பின்னுகிற சுவெட்டர் ஒரு கை மட்டும் முடிந்து கிடக்கிறது. அங்கே ராத்திரியில் 16 டிகிரிக்கு இறங்கும், பிள்ளைக்கு அது நிஜமாகவே வேண்டும். இங்கேயோ வியர்த்த கையில் கம்பளி நூல் ஒட்டிக்கொண்டு ஊசியில் நகரவே மாட்டேன் என்கிறது.

செய்து கொடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் நவம்பரிலேயே கேளுங்கள், இல்லையென்றால் வந்து ஒரு தட்டாவது உருட்டிக் கொடுங்கள். நாலு டின் முடியாது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.