குவாண்டம் சிப்பின் எதிரியைக் கண்ணாடிக்குள் கண்டவர்கள்

குவாண்டம் கணினி பற்றிச் செய்தி வந்தாலே எத்தனை க்யூபிட் (அந்தக் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) என்பதுதான் தலைப்பாகிறது. அந்த க்யூபிட் தன் நிலையை எவ்வளவு நேரம் தாங்குகிறது, ஏன் இழக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டவர்களால்தான் இந்தத் துறை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அவர்களில் பலர் கோட்பாட்டு இயற்பியலாளர்கள். "இதனால் என்ன பயன்?" என்ற கேள்வியும் முதலில் அவர்களை நோக்கித்தான் வருகிறது.

0, 1 இரண்டும் கலந்த நிலையில் க்யூபிட் இருக்க முடியும். சுற்றியிருக்கும் பொருள் கொஞ்சம் தீண்டினாலும் அந்தக் கலப்பு குலைந்துவிடும். இதுதான் டிகோஹியரன்ஸ். சிலிக்கானிலோ அலுமினியத்திலோ க்யூபிட் செய்தால் சுற்றிலும் கோடானுகோடி அணுக்கள். 1999-இல் ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் நாகமுரா குழுவினர் மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) க்யூபிட்டை முதன்முதலாக இயக்கிக் காட்டியபோது அது சில நானோநொடிகளே தாங்கியது.

இப்போது 1971-க்குப் போவோம். கடுங்குளிரில் கண்ணாடியின் வெப்ப ஏற்பை, அதாவது அதைச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் தேவை என்பதை, ஸெல்லர், போல் என்ற இரு இயற்பியலாளர்கள் அளந்தார்கள். படிகங்களில் வருவதைவிட மிக அதிகமாக வந்தது. மறு ஆண்டே ஆண்டர்சன், ஹால்பெரின், வர்மா மூவரும், தனியாக பிலிப்ஸும் விளக்கம் தந்தார்கள். கண்ணாடியில் அணுக்களுக்கு ஒழுங்கான இடம் கிடையாது. சில அணுக்கூட்டங்களுக்கு ஏறக்குறைய சம ஆற்றலுள்ள இரண்டு இடங்கள் இருக்கின்றன. எவ்வளவு குளிர்ந்தாலும் அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குவாண்டம் முறையில் ஊடுருவிக்கொண்டே இருக்கும். குவாண்டம் கணினி என்ற பேச்சே அன்று இல்லை. கண்ணாடி ஏன் இப்படி நடக்கிறது என்று அறியும் ஆசை மட்டுமே இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2005-இல், அமெரிக்க இயற்பியலாளர் மார்ட்டினிஸின் குழு தங்கள் மீக்கடத்தி க்யூபிட்டுகளின் ஆற்றல் எங்கே போகிறது என்று தேடியது. மின்காப்பாகப் பூசிய ஆக்சைடு படலத்தில் அதே ஈரிட அணுக்கூட்டங்கள்! இங்கே எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று. குளிர் கூடக்கூட, பொருளுக்குள் செலுத்தும் மின்காந்த சமிக்ஞை மெலிய மெலிய இந்த இழப்பு அதிகமாகும் என்கிறது அந்தக் கோட்பாடு. பலமான சமிக்ஞை கொடுத்தால் அவை நிரம்பி, உறிஞ்சுவது குறைந்துவிடும். பொருள் நல்லது போலத் தெரியும். க்யூபிட் வேலை செய்வதோ மிக மெல்லிய ஆற்றலில். கோட்பாடு கையில் இல்லாமல் அளந்திருந்தால் பிழையான பொருளையே தேர்ந்தெடுத்திருப்பார்கள். காப்புப் பொருளை மாற்றி வடிவமைத்ததில் ஆற்றல் இழக்கும் வேகம் 20 மடங்கு குறைந்தது.

2007-இல் யேல் பல்கலைக்கழகக் குழு முன்வைத்த டிரான்ஸ்மான் என்ற மீக்கடத்தி க்யூபிட் வகையும் கணக்கில் பிறந்ததுதான். மின்னூட்ட இரைச்சலின் பாதிப்பு அதில் அடுக்குக்குறி வேகத்தில் சரியும். அதற்குக் கொடுக்கும் விலை, அதாவது க்யூபிட்டின் ஆற்றல் படிகளைப் பிரித்தறிவது கடினமாவது, மெதுவாகவே ஏறும். கூகுளும் ஐபிஎம்மும் அந்த வகையைத்தான் பயன்படுத்துகின்றன. இன்று நூறு மைக்ரோநொடி தாங்குவது அதிசயமில்லை.

நம் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023-இல் ரூ.6,003.65 கோடி ஒதுக்கினார்கள். மனமார வரவேற்கிறேன். எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1000 க்யூபிட் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. க்யூபிட் எண்ணிக்கையோடு, அவை தாங்கும் நேரத்துக்கும் இலக்கு வையுங்கள். அந்த ஈரிடக் கூட்டங்கள் சரியாக எந்த அணுக்கள் என்பது ஐம்பது ஆண்டு கடந்தும் தீராத கேள்வி. அதில் ஆறேழு வருடம் உட்காரத் துணியும் ஆராய்ச்சி மாணவருக்கு, பயன் என்ன என்று கேட்காமல், உதவித்தொகையை மாதாமாதம் தவறாமல் கொடுங்கள்.