வில்ட் வேறு, விதர் வேறு

‘வில்ட் (wilt), விதர் (wither), ட்ரூப் (droop), ஃபேட் (fade) என்ற ஆங்கிலச் சொற்கள் நான்குக்கும் வாடுதல் என்றே பொருள், எதை வேண்டுமானாலும் போடலாம்’ என்று சொல்வது சரியில்லை. வில்ட் என்றால் செல்களில் நீர் குறைந்து செடி துவண்டுபோவது; தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். (வாடல் நோய்க்கும் இதே பெயர்தான். அங்கே பூஞ்சையோ பாக்டீரியாவோ செடிக்குள் இருக்கும் நீர்க்குழாய்களை அடைத்துவிடுவதால் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.) விதர் அதைத் தாண்டிய கட்டம்: காய்ந்து, சுருங்கி, அனேகமாக மீளாத நிலை. ட்ரூப் வெறும் தொங்கல்தான். தூக்கத்தில் இமை சரிவதற்கும் காற்றில்லாதபோது கம்பத்தில் தொங்கும் கொடிக்கும் அதைச் சொல்லலாம். ஃபேட் நிறம், ஒலி, நினைவு மங்குவதற்கு. துணி ஃபேட் ஆகும், வில்ட் ஆகாது. அப்புறம், ‘விதரிங் லுக்’ (withering look) என்பதை ‘வாடிய முகம்’ என்று எழுதுவதும் சரியில்லை, அது எதிரில் இருப்பவரைக் கூனிக் குறுகவைக்கும் பார்வை!